எழுபத்திரண்டு பெட்டிகளும் ஒரே ஓர் எழுத்தும்

அலுவலகத்தில் அவளுக்குக் கறார் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். பத்தொன்பது வருஷமாக அதே மேசை, அதே வேலை. பார்க்கிறவர்களுக்கு அது வேலையாகவே தோன்றாது. நாலாயிரத்துச் சொச்சம் வரிகள் உள்ள ஒரு கோப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியின் முடிவிலும் எந்த எழுத்து இருக்க வேண்டும் என்று காவல் காப்பதற்கு ஓர் ஆளா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களில் இரண்டு பேர் இப்போது அந்தக் கம்பெனியில் இல்லை, அவள் இருக்கிறாள்.

கம்பெனி குடிநீர் நிலையங்களுக்குப் பெட்டி செய்து கொடுக்கிறது. இரும்புப் பெட்டி, அதற்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். பம்பை எப்போது ஓட்டுவது, எந்த வால்வைத் திறப்பது, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எல்லாம் அதன் பொறுப்பு. முந்நூற்று நாற்பது நிலையங்களில் இந்தப் பெட்டிதான். பெட்டிக்கு உயிர் கெர்னல் என்கிற அடிப்படை நிரல். கெர்னலுக்குள் எந்தெந்த டிரைவர் இருக்க வேண்டும் என்று சொல்வது கறாரின் கோப்பு. டிரைவர் என்றால் இங்கே வண்டி ஓட்டுகிறவர் இல்லை. டிஸ்க்கோடும் மற்ற உறுப்புகளோடும் பேசத் தெரிந்த நிரல். வரி முடிவில் 'ஒய்' என்று இருந்தால் அந்த டிரைவர் கெர்னலின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். 'எம்' என்றால் தனி மாட்யூலாக டிஸ்க்கில் கிடக்கும், வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம். 'என்' என்றால் கிடையவே கிடையாது. எத்தனை பெரிய ஆள் எழுதிய பதிப்பானாலும் கறார் தன் ஒப்புதலைப் போடாமல் நிலையங்களுக்குப் போகாது. அது அந்தக் கம்பெனியின் பழைய சட்டம்.

புது மேலாளர் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. "கெர்னல் மெலியணும்" என்பது அவருடைய மந்திரம். மெலிய வைப்பதற்கென்றே தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். வந்த வாரமே நானூறு வரிகளை வெட்டியதால் அவருக்குக் கத்தரி என்று பெயர் ஆகிவிட்டது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் ரொம்ப நாள் தங்காது.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் கறார் கத்தரியின் கோப்பை வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தாள். ஆயிரத்து முந்நூறாவது வரிக்கு மேல் ஓரிடத்தில் விரல் நின்றது. பழைய டிஸ்க் டிரைவர். நேற்று வரை ஒய். இன்று எம்.

"இதை யார் மாத்தினது?" என்றாள்.

"நான்தான் மேடம்," என்றார் கத்தரி. "அது ரொம்பப் பழைய டிஸ்க். யாராவது வச்சிருந்தா மாட்யூலா ஏத்திக்கட்டும்னு விட்டிருக்கேன். தூக்கி எறியல பாருங்க."

"தம்பி, மாட்யூல் எங்க இருக்கும்?"

"டிஸ்க்குல."

"டிஸ்க்கைப் படிக்க என்ன வேணும்?"

கத்தரி கெட்டிக்காரர்தான், புரிந்துவிட்டது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டிய கதை இது. கெர்னல் கண் விழித்ததும் டிஸ்க்கைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரிந்த டிரைவர் அந்த டிஸ்க்குக்குள்ளேயே கிடக்கும். அப்புறம் கெர்னல் விழித்தது விழித்தபடி செத்துக் கிடக்கும். மற்ற கம்ப்யூட்டர்களில் எழும்போதே அவசர டிரைவர்களை ஒரு சின்ன மூட்டையாகக் கட்டிக் கையில் கொடுப்பார்கள். பழைய பெட்டியில் மூட்டைக்கு இடம் இல்லை. இரண்டாவது கெர்னலுக்கும் இடம் இல்லை. புதியதை எழுதினால் பழையது அழிந்துவிடும், கேபிளோடு ஆள் நேரில் போனால் ஒழியத் திரும்ப வழி கிடையாது.

ஆனால் கத்தரி சுதாரித்துக்கொண்டார். "பழைய பெட்டின்னு ஒண்ணு இருந்தாத்தானே மேடம் இந்தப் பிரச்சினை? லிஸ்ட்டைப் பாருங்க. எழுபத்திரண்டு நிலையத்துல இருந்துச்சு, ரெண்டு வருஷம் முன்னாடியே எல்லாத்துக்கும் 'மாற்றப்பட்டது'ன்னு போட்டிருக்கு. நம்ம சோதனை மேசைல இருக்கற பெட்டி எல்லாத்துலயும் ஓட்டிப் பார்த்தாச்சு. எல்லாம் பச்சை."

சோதனை மேசையில் புதுப் பெட்டிகள் மட்டும்தான் இருந்தன. கடைசிப் பழைய பெட்டியை அலுவலகம் மாடி மாறியபோது பழைய இரும்போடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். இல்லாத பெட்டியில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும்.

"என் அக்கா பம்ப் ஸ்டேஷன்ல பழைய பெட்டிதான் ஓடுது," என்றாள் கறார். "போன மாசம்கூட ஃபேன் சத்தம் தாங்கலன்னு திட்டினா."

மேலாளர் சிரித்தார். "அக்கா சொன்னதை வச்சு நான் பதிப்பை நிறுத்த முடியுமா மேடம்? லிஸ்ட்டுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? நாளைக்கு மதியம் பன்னிரண்டாம் பதிப்பு போயாகணும். ஒப்புதலைப் போடுங்க."

"போட மாட்டேன் சார்."

"நீங்க பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கிறீங்க."

"முயலை நான் பார்த்திருக்கேன் சார். நீங்க லிஸ்ட்டுலதான் பார்த்திருக்கீங்க."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். மேலாளரின் சிரிப்பு போய்விட்டது. நாளை பன்னிரண்டு மணி வரை அவளுக்கு அவகாசம், அதற்குள் ஒப்புதல் வராவிட்டால் ஒப்புதல் அதிகாரம் கத்தரிக்கு மாற்றப்படும் என்று அங்கேயே எழுதி எல்லோருக்கும் அனுப்பினார். பத்தொன்பது வருஷத்தை ஒரு மின்னஞ்சலில் முடித்துவிட்டார். அவளுக்குக் காது வரை சூடேறியது. அழுகை வந்தது என்று சொன்னாலும் பொய்யில்லை, ஆனால் அந்த அறையில் அழுவதற்கு அவள் தயாராக இல்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் லேப்டாப்பும் கேபிளுமாக அக்காவின் நிலையத்துக்குப் போய் இறங்கினாள்.

அக்கா நாலு வயது மூத்தவள், வாய் நாற்பது வயது மூத்தது. பதினோராயிரம் வீடுகளுக்குத் தண்ணீர் விடுகிற பம்ப் ஆபரேட்டர். இரண்டு பெரிய மோட்டார்கள், சுவர் நெடுக ஆளுயரக் குழாய்கள், மூலையில் ஒரு மேசை. தரை எப்போதும் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும் அந்த அறையில் யாரும் மெதுவாகப் பேச முடியாது. அக்காவுக்கு அது வசதியாகப் போயிற்று.

"வேலை நாள்ல என்னடி இங்க? துரத்திட்டாங்களா?"

"இன்னும் இல்ல. மத்தியானத்துக்குள்ள துரத்தலாம்."

கறார் நடந்ததைச் சொன்னாள். அக்கா கேட்டுவிட்டு, "எங்க பெட்டி பழசுன்னு நான் சொன்னா உங்க ஆபீஸ்ல நம்ப மாட்டாங்களாமா? பன்னிரண்டு வருஷமா இதோட குடும்பம் நடத்துறேன்," என்றாள்.

ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று ஓடும், மற்றது மாற்றுப் பெட்டியாகச் சும்மா நிற்கும், சர்வீஸ் ஆள் வந்து கம்பிகளை மாற்றிக் கொடுத்தால்தான் வேலைக்கு வரும். ஓடுகிற பெட்டியைத் தொடாமல் மாற்றுப் பெட்டியில் கத்தரியின் கெர்னலை ஏற்றிப் பார்க்கலாம், அது எழாமல் விழும், அதைப் படம் பிடித்து அனுப்பலாம் என்பது கறாரின் கணக்கு. ஏற்றினாள். பெட்டி சமர்த்தாக எழுந்து உட்கார்ந்தது.

பத்தொன்பது வருஷ அனுபவத்தோடு வீம்புக்கு நின்று, கடைசியில் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்று பயந்தாள். பிறகு மூடியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே இருந்தது புது டிஸ்க், புதுப் பெட்டி.

"இதை எப்ப மாத்தினாங்க?"

"ரெண்டு வருஷம் முன்னாடி சர்வீஸ் ஆளு வந்து மாத்தினான்," என்றாள் அக்கா. "ஓடுறதை நிறுத்த எனக்கு நேரமில்லை, சும்மா நிக்கறதை மாத்திட்டுப் போறேன்னான். ஓடுறது அதே கிழம்தான். கேட்கலையா சத்தம்?"

கறாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நிலையத்துக்கு ஒரு புதுப் பெட்டி கொண்டுவந்தான், ஒன்றை மாற்றினான், 'மாற்றப்பட்டது' என்று எழுதிக்கொண்டு போனான். எழுதியது பொய்யும் இல்லை. எந்தப் பெட்டி என்று கேட்க லிஸ்ட்டில் இடமே இல்லை. பெட்டிகளும் தங்கள் பதிப்பு எண்ணை மட்டும்தான் அலுவலகத்துக்குச் சொல்லும், வயிற்றில் என்ன டிஸ்க் என்று சொல்லாது.

"அப்படின்னா மத்த எழுபத்தொரு நிலையத்துலயும் இதே மாதிரிதான் பண்ணியிருப்பான்."

"இரு," என்றாள் அக்கா. ஆபரேட்டர்கள் எல்லோரும் இருக்கிற போன் குழுவில் குரலைப் பதிவு செய்து போட்டாள். "எல்லாரும் உங்க ஓடுற பெட்டியைப் போட்டோ எடுத்து உடனே போடுங்க. தூசி தட்டிட்டு எடுக்க வேண்டாம், அப்படியே போடுங்க." பத்து நிமிஷத்தில் படங்கள் வந்து குவிந்தன. தூசி படிந்த பெட்டி, பல்லி முட்டையிட்ட பெட்டி, மேலே யாரோ டிபன் பாக்ஸ் வைத்த பெட்டி. லிஸ்ட்டில் 'மாற்றப்பட்டது' என்று இருந்த நிலையங்களில் நாற்பத்தாறு படம் வந்தது. நாற்பத்தாறும் பழசு.

கறார் அத்தனை படத்தையும் மேலாளருக்கு அனுப்பிவிட்டு போன் செய்தாள். மணி பத்தே கால்.

"படம் சரி மேடம்," என்றார் மேலாளர். "ஆனா அதுல நம்ம பதிப்பு ஓடாதுன்னு நிரூபணம் எங்க? நீங்க சொல்றீங்க, அவ்வளவுதானே?"

அவள் போனை வைத்தாள். நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. ஓடுகிற பெட்டியைத் தொட வேண்டும். தொட்டால் பம்ப் நிற்கும், பெட்டி செத்தால் எழுப்பக் குறைந்தது அரை மணி நேரம். வாடிக்கையாளர் நிலையத்தில் அனுமதியில்லாமல் பம்பை நிறுத்தினால் வேலை மட்டுமா போகும்? அவள் அக்காவைப் பார்த்தாள்.

அக்கா ஏற்கெனவே தொட்டி அளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தொட்டி ஒண்ணரை மணி வரைக்கும் தாங்கும். பராமரிப்புக்குப் பம்பை நிறுத்தற அதிகாரம் எனக்கு இருக்கு, உனக்கு இல்ல. நிறுத்தறது நான். நீ சும்மா பக்கத்துல நின்ன, அவ்வளவுதான்."

"அக்கா, உன் வேலைக்கு ஏதாவது..."

"மத்தியானம் இந்தப் பெட்டி தானா செத்தா யாரைத் திட்டுவாங்க? என்னைத்தான். பதினோராயிரம் வீடும் என் வாசல்ல குடத்தோட நிக்கும். அதுக்கு இப்பவே நானே நிறுத்திடறேன்."

அக்கா பதிவேட்டில் நேரத்தையும் காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மோட்டாரை அணைத்தாள். தரையின் அதிர்வு நின்றது. பெட்டி தூங்கும்போது வால்வு தானாக மூடாது, அதனால் அக்கா பெரிய வால்வின் சக்கரத்தைக் கையால் சுற்றி மூடப் போனாள், கறார் கத்தரியின் கெர்னலைப் பழைய பெட்டியில் எழுதினாள்.

திரையில் வரிகள் ஓடின. நின்றன. மூல டிஸ்க்கை ஏற்ற முடியவில்லை என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. கறார் அதைப் படம் பிடித்து அனுப்பி, மறுபடியும் போன் செய்தாள்.

இந்தத் தடவை மேலாளர், "சரி மேடம், அந்த ஒரு நிலையத்தை மட்டும் விட்டுடலாம்," என்றார். "மத்ததுக்குப் போகட்டும்."

"நாற்பத்தாறு போட்டோ அனுப்பியிருக்கேன் சார்."

"போட்டோவுக்கெல்லாம் ஃபார்மட் இருக்கு. முறைப்படி வரட்டும், பதிமூணாம் பதிப்புல பார்த்துக்கலாம். தலைமை அலுவலகத்துக்கு இன்னிக்குத் தேதி சொல்லியாச்சு. ஏதாவது நின்னா சர்வீஸ் ஆள் போய்ப் பார்ப்பாங்க."

சர்வீஸ் ஆட்கள் மொத்தம் இரண்டு பேர். எழுபத்திரண்டு நிலையங்களில் பாதிக்கு மேல் மலைக்கு அந்தப் பக்கம். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கலாம் என்கிறார் மனுஷன், அதுவும் எழுபத்திரண்டு வாலை, இரண்டு பேரை வைத்துக்கொண்டு. கறாருக்குப் பயம் இருந்த இடத்தில் இப்போது ஆத்திரம் மட்டும்தான் இருந்தது. பதிப்பை நிறுத்திப் பிரயோஜனம் இல்லை, பன்னிரண்டு அடித்ததும் கத்தரி அனுப்பிவிடுவார். மணி பத்து ஐம்பது. பன்னிரண்டு வரைக்கும் ஒப்புதல் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது.

கோப்பைத் திறந்தாள். பழைய டிஸ்க் டிரைவர்: எம் என்பதை அழித்து ஒய் என்று போட்டாள். அதனால் கெர்னல் கொஞ்சம் பருக்கும், மேலாளர் விதித்த அளவைத் தாண்டும், அதையே சாக்காக வைத்துத் தூக்கிவிடுவார்கள். வேறு எதையாவது குறைக்க வேண்டும் என்று வரிகளில் தேடிக்கொண்டு வந்தவள் சிரித்துவிட்டாள். ஃபிளாப்பி டிரைவர்: ஒய். நானூறு வரியை வெட்டிய கத்தரி இதைத் தொடவே இல்லை. முந்நூற்று நாற்பது நிலையத்தில் ஒன்றில்கூடப் பழங்காலத்து ஃபிளாப்பித் தட்டைச் செருகத் துளை கிடையாது. பயிரைப் பிடுங்கிவிட்டுக் களைக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார். அதற்கு 'என்' என்று போட்டாள். கத்தரியின் மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது வெட்டுகளில் அவள் கை வைக்கவில்லை. அவை சரியான வெட்டுகள், அதையும் சொல்ல வேண்டும்.

கெர்னல் தயாராக இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அதுவரை அக்கா ஒரு கையில் டீயும் மறு கை வால்விலுமாக நின்றாள். "உன் மேலாளரை ஒரு நாள் இங்க அனுப்பு," என்றாள். "இந்தச் சக்கரத்தைச் சுத்தட்டும், தானா மெலிவார்."

பதினொன்றே காலுக்குக் கறார் பழைய பெட்டியில் புதுக் கெர்னலை எழுதினாள். வரிகள் ஓடின. டிஸ்க்கைக் கண்டது, படித்தது, எழுந்தது. அக்கா மோட்டாரைப் போட்டாள், தரை மறுபடி அதிர்ந்தது. பிறகு கறார் மாற்றுப் பெட்டியிலும் ஏற்றிப் பார்த்தாள், புது டிஸ்க்கும் எழுந்தது. பழையதும் புதியதும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடம் அலுவலகச் சோதனை மேசை இல்லை, இந்த ஈரத் தரை அறைதான். கெர்னலின் அளவைப் பார்த்தாள். கத்தரியுடையதைவிடச் சின்னது.

பதினொன்றே முக்காலுக்கு, என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், எங்கே எந்தப் பெட்டிகளில் சோதித்தேன் என்று மூன்று வரி எழுதித் தன் பெயரைப் போட்டு, பன்னிரண்டாம் பதிப்புக்கு ஒப்புதல் கொடுத்தாள். ஓர் எண்ணில் ஒரு பதிப்புதான் போகும். இனி யார் நினைத்தாலும் கத்தரியின் பன்னிரண்டு வெளியே வர முடியாது.

நிலையங்களில் ஓடுகிற பெட்டிகள் ஒவ்வொன்றாகப் புதுப் பதிப்பை எடுத்துக்கொண்டு, அணைந்து, எழுந்து, எண்ணைச் சொல்லின. கறார் நகத்தைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். மலைக்கு அந்தப் பக்கத்தில் ஒன்று ஒன்பது நிமிஷம் பேசாமல் இருந்தது. பத்தாவது நிமிஷம் அதுவும் பன்னிரண்டு என்றது. முந்நூற்று நாற்பதும் எழுந்தன.

மேலாளர் ஒரு மணிக்குக் கூப்பிட்டார். "யாரைக் கேட்டு அனுப்பினீங்க? திங்கட்கிழமை நீங்க வர வேண்டாம்."

"வருவேன் சார். வழக்கம்போல எட்டரைக்கு வருவேன். வேண்டாம்னா கடிதம் கொடுங்க. என்ன தப்பு பண்ணினேன்னு அதுல எழுதியிருக்கணும்."

அவள் போனை வைத்தாள். அக்கா மீதி டீயை அவளிடம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை எட்டரைக்குப் போய் உட்கார்ந்தாள். ஒன்பது மணிக்கு மேலாளர் அறைக்குள் போய், "கடிதம் ரெடியா சார்?" என்றாள். ஆகவில்லை. செவ்வாய் கேட்டாள். புதன் கேட்டாள். கடிதம் எழுத அவர் உட்காராமல் இல்லை. பழைய டிஸ்க் டிரைவரை உள்ளே சேர்த்தாள் என்று எழுதினால், அதை வெளியே எடுத்தது யார் என்று தலைமை அலுவலகம் கேட்கும். பம்பை நிறுத்தினாள் என்று எழுதலாம் என்றால், பதிவேட்டில் நிறுத்தியவர் கையெழுத்து வேறு. பதிப்பு கெட்டது என்று எழுத முந்நூற்று நாற்பது பெட்டிகளும் விடவில்லை. கத்தரி இதற்கிடையில் அவள் மேசைக்கு வந்து, "ஃபிளாப்பியை நான் பார்க்கவே இல்லை மேடம்," என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன்தான்.

வியாழக்கிழமை காலை மேலாளரே, "விடுங்க மேடம். நடந்தது நடந்துபோச்சு. உங்க சீட்டுல உட்கார்ந்து வேலையைப் பாருங்க," என்றார்.

"அதெப்படி சார் விடறது?" என்றாள் கறார். "கடிதத்தை எழுதிக் கொடுங்க. முடியலைன்னா அந்த லிஸ்ட்டைத் திருத்துங்க. என் பேர்ல இல்ல, உங்க பேர்ல. எழுபத்திரண்டு நிலையத்துலயும் ஓடுற பெட்டி பழசுன்னு. மீதிப் படமும் வந்தாச்சு."

"நாளைக்கு யாரையாவது விட்டு..."

"இப்பவே சார். நீங்களே."

மேலாளர் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலைந்து தலைகள் வேலை செய்வதுபோல் குனிந்திருந்தன. அவர் லிஸ்ட்டைத் திறந்து, முதல் நிலையத்தின் வரியில் 'மாற்றப்பட்டது' என்பதை அழித்து, அவள் சொல்லச் சொல்லத் தட்டினார்.

கறார் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அடுத்தது," என்றாள். இன்னும் எழுபத்தொன்று இருந்தது.